'அவர்கள்' எந்தப் பக்கம்?

பிஸ்கட் ஆலையின் சங்கத் தேர்தலில் அண்ணன் தலைவர் பதவிக்கு நின்றான். பேக்கிங் பிரிவில் நாற்பது பேர் காது கேளாதவர்கள். அந்த ஓட்டுகள் விழாவிட்டால் அவன் பாடு அதோகதிதான். அதனால் சைகை மொழிபெயர்ப்பாளரான தங்கையைக் கெஞ்சிக் கூத்தாடி மேடைக்கு இழுத்து வந்திருந்தான்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு முழங்கினான்: "அவர்கள் நம்மை ஏமாற்றிவிட்டார்கள்!"

கூட்டம் கைதட்டியது. தங்கையின் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. சைகையில் 'அவர்கள்' என்றால் ஏதாவது ஒரு பக்கம் காட்டியாக வேண்டும். ஆள் யாரென்று முதலில் சொல்லாவிட்டால், கை போன திசையில் நிற்பவர்தான் குற்றவாளி. அவசரத்தில் வலப்பக்கம் காட்டித் தொலைத்தாள். நாற்பது தலைகளும் வலப்பக்கம் திரும்பின. அங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்த கேன்டீன்காரர் வெலவெலத்துப் போனார்.

"ஐயையோ, நான் என்ன பண்ணேன்? சர்க்கரை கொஞ்சம் கம்மியாப் போட்டேன், அவ்வளவுதானே!"

"அண்ணே, அவங்கன்னா யாரு?" என்று தங்கை கிசுகிசுத்தாள்.

"அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நீ பாட்டுக்குக் கையை ஆட்டு."

"எனக்கே தெரியலையே. எந்தப் பக்கம் ஆட்டறது?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவினான்: "உழைப்பவர்கள் அனைவரும் என் பக்கம்!"

அவள் கையை ஒரு சுற்றுச் சுற்றி அனைவரையும் வளைத்தாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி விருட்டென்று எழுந்து விரல்களால் பொரிந்து தள்ளினாள். தங்கை அதற்குக் குரல் கொடுத்தாள்: "நான் இன்னும் முடிவே பண்ணலை. என்னை எப்பச் சேர்த்தீங்க?"

"அட, நானும்தான் முடிவு பண்ணலை!" என்றார் பிஸ்கட் சுடும் பிரிவிலிருந்து வந்த, காது நன்றாகக் கேட்கும் அடுப்புக்காரர். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. "விரைவில் நல்லது நடக்கும்!"

"என்ன நல்லது, எப்போன்னு கேக்கறாங்கண்ணே."

"ஏம்மா, என்னைக் கவுக்கறதுக்குன்னே வந்தியா?"

"நான் எங்கே கேக்கறேன்? நாற்பது பேர் கையும் மேல நிக்குது, பாரு!"

பார்த்தான். பொறுமை போயிற்று. "சரி, எழுதி வச்சுக்கோங்க! ஜெயிச்சா அடுத்த மாசமே பேக்கிங் அறைக்கு நாலு மின்விசிறி! அடுப்பை ஒட்டின சுவர்ல! போதுமா?"

தங்கையின் கைகள் தடங்கலே இல்லாமல் ஓடின. சுவர் எது, அடுப்பு எது, விசிறி சுற்றுவது எந்தப் பக்கம், எல்லாம் காற்றில் அச்சாக விழுந்தன. எண்பது உள்ளங்கைகள் மேலே எழுந்து படபடவென்று ஆடின. அவர்களுடைய கைதட்டல் அதுதான்.

"அப்ப லாரியில மூட்டை ஏத்தற எங்களுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்களுக்கு?" என்றார் அடுப்புக்காரர்.

அண்ணன் பேச்சுத் தாளைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தான். "ஒவ்வொருத்தரா வாங்கப்பா. என்ன வேணும்னு சொல்லுங்க. என்னால முடியாததை முடியாதுன்னு சொல்லிடறேன்."

தங்கை அதையும் பிசகாமல் சைகையில் சொன்னாள். வரிசை கேன்டீனைத் தாண்டி நீண்டது.