சிரித்துக்கொண்டே பெற்றவள்

மருத்துவர் நீட்டிய ஏழாவது படத்தையும், வீட்டில் பொத்தான் என்று கூப்பிடும் அந்தச் சிறுமி பார்த்தாள், வாய் திறக்கவில்லை. அது கோழி. அதற்கு முன் குடை, சாவி, வண்டி. எல்லாம் அவளுக்குத் தெரிந்தவைதான். விரிப்பில் ஒரு காலை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, படத்தை விட்டுவிட்டு அட்டையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மூன்றரை வயது. தேடித் திரட்டினாலும் இருபது சொல்தான் தேறும். அதிலும் பாதி, தச்சுப் பட்டறையில் நாளெல்லாம் நிற்கும் அவள் அப்பாவுக்கு மட்டுமே விளங்கும்.

சுவரோரம் அவளுடைய தாய் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாத்தனார். துணைக்கு என்று வந்தவள்தான். ஆனால் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை அவள் தொண்டையில் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. அது இப்போது வெளியே வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்லிடறேன் டாக்டரம்மா. இவ பொறந்தப்ப வலி தெரியாம இருக்க இவங்கம்மா முதுகுல ஊசி போட்டுக்கிட்டா. நான் மூணு பெத்தவ. ஒரு மாத்திரை முழுங்கினதில்ல. மூணும் வாய் ஓயாம பேசும்."

"மூணும் உங்க சாயல் போல" என்றார் மருத்துவர், கோழியை மேசையில் வைத்தபடி.

தாய் தலையைக் குனிந்துகொண்டாள். நாத்தனார் சொன்னது அவளுக்குப் புதிதல்ல. தனக்குத் தானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டதுதான். பதினான்கு மணி நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக் கதறிவிட்டு, போடுங்கள் என்று கெஞ்சி வாங்கிக்கொண்ட ஊசி. கொஞ்ச நேரத்தில், அடுத்த வீட்டில் அலறிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ அணைத்தாற்போல உலகம் அமைதியாகிவிட்டது. பசித்தது. செவிலி ஏதோ கேலி சொன்னாள், இவளும் பதிலுக்கு ஒன்று சொன்னாள், அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் குழந்தை வந்துவிட்டது. வாழ்க்கையில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை. அதனாலேயே அதை யாரிடமும் சொல்லவில்லை. துடித்துப் பெற்றவர்கள் நடுவில் சிரித்துப் பெற்றேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? குழந்தை பேசாமல் ஒவ்வொரு பிறந்தநாளும் கடந்தபோது, அந்தச் சிரிப்புதான் பிள்ளையின் நாக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

"அந்த ஊசியாலதானா டாக்டர்?"

தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. காலை முதல் மாலை வரை அடுத்தவர் குறைக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் குரல். அது இந்த மூன்று சொல்லில் இரண்டு இடத்தில் உடைந்தது.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "இல்லம்மா. எத்தனையோ பிள்ளைங்களை வருஷக்கணக்கா கவனிச்சுப் பாத்திருக்காங்க. அந்த ஊசியால பேச்சு தாமதமாகறதா எதுவும் தெரிய வரல. நீங்க வலி தாங்காதது தப்பும் இல்ல. காதை மட்டும் ஒரு தடவை சோதிச்சுடுவோம். அது இருக்கட்டும், வீட்ல யாரு அதிகமா பேசுவீங்க?"

தாய் யோசித்துப் பார்த்தாள். பகலெல்லாம் பேசிக் களைத்து வரும் அவள். இயந்திர இரைச்சலில் காது அடைத்துப்போய் வரும் கணவன். ஒருவருக்கொருவர் தட்டை நகர்த்துவதும் போர்வையை இழுத்துவிடுவதுமே அவர்களுக்குப் பேச்சு.

"இவங்க வீட்லயா?" நாத்தனார் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். "அங்க கடிகாரம்தான் பேசும். அதுவும் என் தம்பி பேட்டரி வாங்கிப் போட்டாத்தான்."

அப்போது பொத்தான் எழுந்தாள். எழுந்தவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து மேசைக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா, கால் மரத்துப்போச்சா?" என்றார் மருத்துவர்.

பொத்தான் அசையாமல் நின்றாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். விரல் முட்டியை மடக்கி முழங்காலில் இரண்டு தட்டு தட்டி, தலையைச் சாய்த்து உற்றுக் கேட்டாள். பலகை வாங்கும்போது அவள் அப்பா அப்படித்தான் கேட்பார்.

"மரமா?"

"ஆமா... மரம் மாதிரி."

கொஞ்சம் யோசித்தாள். "அப்பா இழைப்பாரு. வழவழன்னு ஆயிடும்" என்றாள். பயப்படாதீர்கள் என்று மருத்துவரைத் தேற்றுவதுபோல இருந்தது. பிறகு, பாவம் இவ்வளவு நேரமாகக் கேட்கிறாரே என்று மனமிரங்கியவளாய், மேசையிலிருந்த படத்தைக் காட்டி, "கோழி" என்றாள்.

முதலில் சிரித்தது மருத்துவர். ஆனால் அடக்க முடியாமல் போனது தாய்க்குத்தான். கைப்பை நழுவி விழ, கண்ணில் நீர் வர, மூச்சு முட்டச் சிரித்தாள். நாத்தனார் அவள் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

காது சோதனைக்கு ஒரு சீட்டும், வாரம் ஒரு முறை பேச்சுப் பயிற்சிக்கு ஒரு சீட்டும் கிடைத்தன. கூடவே ஒரு கட்டளை: தினமும் பேசுங்கள். எதையாவது. கதையாவது சொல்லுங்கள்.

பேருந்தில் சன்னலோரம் பொத்தான் தாயின் மடியில் இருந்தாள். நாத்தனாருக்கு முன் இருக்கை. தாய்க்குக் கதை எதுவும் தெரியாது. இரண்டு நிறுத்தம் வரை யோசித்தாள். பிறகு குழந்தையின் காதருகே, "நீ பொறந்த கதை சொல்லட்டுமா?" என்றாள்.

"ம்."

"அன்னிக்கு அம்மாவுக்கு வலியோ வலி. ஊசி போட்டாங்க. போச்சு! அம்மா ஜம்முனு படுத்திருக்கேன். உங்கப்பா எனக்கு தைரியம் சொல்ல வந்தாரு. தட்டுல கெடந்த ஊசியோட நீளத்த பாத்தாரு..."

"ம்."

"தொப்புனு விழுந்துட்டாரு."

முன் இருக்கை திரும்பியது. "யாரு, என் தம்பியா? மூணு வருஷமா எங்கிட்ட மூச்சு விடல!"

"நீங்க கேக்கல அண்ணி."

நாத்தனார் இருக்கையின் கம்பியை விரலால் தேய்த்தாள். பிறகு, "எனக்கு மூணு தடவையும் வலிதான் ஞாபகம். யாரு சிரிச்சா, யாரு விழுந்தா, ஒண்ணும் தெரியாது" என்றாள். முழுவதுமாகத் திரும்பி, முழங்கால்களை இருக்கையில் ஊன்றி, மோவாயைக் கம்பியில் வைத்துக்கொண்டாள். "சொல்லு. விழுந்தவன தூக்கினது யாரு?"

தாயின் குரல் உயர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தவர் தாளைத் தாழ்த்தினார். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, பேருந்து நின்றது, நிறுத்தம் நகர்ந்து பின்னால் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள் பொத்தான்.