மேற்குச் சன்னல்

சன்னலை அடைத்திருந்த கடைசிப் பலகையின் மூலை ஆணி மட்டும் வர மறுத்தது. குப்பண்ணன் சுத்தியலின் பிளந்த வாயை ஆணித் தலைக்கு அடியில் திணித்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். மரம் கிறீச்சிட்டது. அந்நேரம் பார்த்து முன்வாசலில் புதிதாக வந்து இறங்கிய பெண்கள் ஒப்பாரி எடுத்ததால் அந்தச் சத்தம் யார் காதிலும் விழவில்லை. ஆணி வந்துவிட்டது. துருவேறி வளைந்திருந்தது. மற்ற ஆணிகளோடு அதையும் இடுப்பு மடிப்பில் சுருட்டிச் செருகிக்கொண்டார்.

பலகை விழுந்ததும் ஆடி மாதக் காற்று சாளைக்குள் பாய்ந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் காற்று. உள்ளே தொங்கிய சாக்குகளைப் புரட்டி, தரையில் கிடந்த இரும்புத் தூளைக் கிளப்பி, கிழக்குக் கதவு வழியாக வெளியேறியது. முந்தின நாளே அது வந்திருக்க வேண்டும்.

அது கடலைக்காய் மூட்டை அடுக்குவதற்காக அவருடைய அப்பா கட்டிய சாளை. தரை மண்மட்டத்துக்கு இரண்டு படி கீழே. வண்டியிலிருந்து மூட்டையை நேரே உள்ளே தள்ள, மேற்கே தாழ்வாக ஓர் அகலச் சன்னல். நேற்றுச் சாயங்காலம் அதற்குள்தான் அவருடைய தம்பி நல்லமுத்து செத்துக் கிடந்தான். பழுதுக்கு வந்திருந்த டயர் வண்டியின் சட்டத்துக்கு அடியில், மல்லாந்தபடி, வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டபடி. உடம்பில் ஒரு கீறல் இல்லை. கதவை உடைத்து முதலில் இறங்கிய பண்ணையாள் மூச்சு முட்டி வெளியே ஓடிவந்தான். வெல்டிங்குக்கு வைத்திருந்த சிலிண்டர் கசிந்து, கேஸ் உள்ளே தேங்கியிருக்கிறது. குப்பண்ணனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பண்ணையாட்களும் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டுச் சோறு அப்படி.

ஆனால் ஏட்டு வருவார். வெளிப்பக்கமிருந்து ஆணி அடித்த சன்னலைப் பார்த்தால், அடித்தது யார் என்று கேட்பார். அதற்கு ஊரார் முன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால், பதில் சொல்ல வேண்டிவரும். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம்.

பலகைகளைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கோல் போருக்குப் பின்னால் சாய்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். வடகரப்பதிப் பக்கத்தில் பெரும் பண்ணையம் செய்யும் பண்ணாடி ஊடு என்றால் ஒரு ஊடுதான். அதில் பிறந்தவன் எவனும் இரும்பைத் தொட்டுப் பிழைத்ததில்லை. நல்லமுத்து தொட்டான். தோட்டத்தைப் பார்த்துக்கொள் என்றால், கஞ்சிக்கோட்டில் புதிதாக வந்த ஃபேக்டரிக்குச் சைக்கிள் மிதித்தான். அங்கே ஏலம் விட்ட பழைய வெல்டிங் செட்டை எடுத்துவந்து, கிணற்று மோட்டாருக்கு வரும் கரண்டிலிருந்து ஒயர் இழுத்து, சாளைக்குள் வைத்தான்.

பிறகு கேஸ். இரும்பை ஒட்டிப் பத்த வைக்கிற இடத்தில் காற்றுப் படாமல் கேஸ் மூடிநிற்க வேண்டுமாம். எந்த கேஸ் என்று முடிவு செய்ய அவனுக்கு ஒரு மாசம் பிடித்தது. அதே மாசம் குப்பண்ணன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது ஒருவர் பொள்ளாச்சி மாப்பிள்ளையைப் பற்றிப் பேச, மற்றவன் சிலிண்டரைப் பற்றிப் பேசினான்.

"கோயமுத்தூர்ல ஆர்கான் கெடைக்குதுங்ணா. பொறி தெறிக்காது, சத்தமே இருக்காது. ஆனா தனி ஆர்கான் இரும்புக்குச் செரிப்படாதுங்க. மேலயே நிக்குது, உள்ள எறங்க மாட்டேங்குது. சோடா கேஸ் முரட்டுக் கேஸு. பொறி பறக்கும். ஆனா ஆழமா எறங்கிப் புடிச்சுக்கும். ரெண்டையும் கலந்தா நல்லா இருக்கும்ங்கறாங்க. நம்மளுக்கு ஆரு கலந்து குடுக்கறாங்க?"

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் குப்பண்ணன். "சோத்தைத் தின்னு."

கடைசியில் அவன் சோடா கேஸைத்தான், அந்தக் கரியமில வாயுவைத்தான், எடுத்தான். சோடா ஃபேக்டரி வைத்திருந்த குஞ்சு முகம்மது சிலிண்டர் கொண்டுவந்து இறக்கினார். அதில் தண்ணீர் சேர்ந்திருக்குமாம். நல்லமுத்துவும் அவன் பெண்டாட்டி சாந்தம்மாளும் சிலிண்டரைத் தலைகீழாக நிறுத்தி, வால்வைக் கொஞ்சம் திறந்து தண்ணீரை வடியவிடுவார்கள். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கள்ளுக்கடையில் யாரோ பேர் வைத்தார்கள்: சோடாப் பண்ணாடி.

பொள்ளாச்சிக்காரர்கள் சம்பந்தம் பேசி முடித்துக் கை நனைக்க வந்த அன்று, பந்தியிலிருந்து எழுந்தவர்கள் களத்துப் பக்கம் வந்து நின்றார்கள். மேற்குச் சன்னலுக்குள் நீல வெளிச்சம் வெட்டியது. அன்றைக்குமா என்று குப்பண்ணன் பல்லைக் கடித்தார். பிறகுதான் தெரிந்தது, பந்தலுக்கு நட்ட இரும்புக்காலின் உடைந்த வளையத்தைத்தான் அவன் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அதாருங்க உள்ள?" என்றார் சம்பந்தி.

"கூலிக்கு ஒருத்தன்."

நல்லமுத்து முகமூடியைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். சம்பந்தியைப் பார்த்தான். முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

மறுநாள் காலையில் குப்பண்ணன் தன் கையாலேயே, பழைய ஆணிகளைக் கொண்டு, சன்னலுக்குக் குறுக்கே பலகை அடித்தார். வேலை நடக்கும்போது கதவும் தாழ் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். தம்பி வந்து கத்துவான் என்று எதிர்பார்த்தார். அவன் சாயங்காலம் ஒட்டிய இரும்புத் துண்டு ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான்.

"நீங்க அடைச்சது நல்லதாப் போச்சுங்ணா. இந்தக் காத்து கேஸை அடிச்சுட்டுப் போயிருதுங்க, பத்த வெச்ச எடமெல்லாம் ஆப்பமாட்ட ஓட்டை. இப்பப் பாருங்க, ஒரு ஓட்டை இல்ல."

சிரித்துக்கொண்டுதான் நீட்டினான். குப்பண்ணன் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"பெரீய பண்ணாடீங்க, ஏட்டு வந்திருக்கறாருங்க." வைக்கோல் போரருகே நின்றிருந்தவரிடம் பண்ணையாள் ஒருவன் ஓடிவந்தான்.

மலையாளத்துக்காரரான ஏட்டு சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். பிணத்தைப் பார்த்தார். சாளையைச் சுற்றி வந்தார். சன்னலருகே நின்றபோது காற்று அவர் சட்டையைப் படபடக்க வைத்தது.

"பண்ணாடீ, ஈ ஜன்னல் தொறந்து தன்னே இருந்தது, அல்லே?"

"தொறந்துதான் இருந்துது."

"அப்போ கேஸ் உள்ள தேங்கான் வழியில்லா."

"தம்பிக்கு ரெண்டு வருசமா நெஞ்சு வலி. வெளிய சொல்லிக்க மாட்டான்."

நல்லமுத்துவுக்கு நெஞ்சு வலி வந்ததே இல்லை. ஏட்டு குப்பண்ணனின் வெள்ளை வேட்டியை, நிமிர்ந்த கழுத்தைப் பார்த்தார். பண்ணாடி ஊட்டுப் பெரியவர் சொல்கிறார். மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

குஞ்சு முகம்மது களத்து ஓரத்திலேயே நின்றிருந்தார். அழுத முகம். குப்பண்ணன் அருகில் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"பண்ணாடி, நான் சின்னவர்ட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்க. இது பள்ளத்துல தண்ணியாட்டம் தேங்கற கேஸு, கீழ படுத்துட்டு வேலை செய்யாதீங்கன்னு. ஒரு பலகையாவது எடுத்துடறேன்னு சொன்னாரே..."

"உன்ற கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நெஞ்சு வலி. நீ பயப்படாதே."

குஞ்சு முகம்மது சன்னல் சட்டத்தைப் பார்த்தார். பழுத்துக் கறுத்த மரத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் மட்டும் வெளுப்பாக இருந்தன. ஓட்டைகளுக்குக் கீழே மரத்தூள்கூட இன்னும் உதிராமல் ஒட்டியிருந்தது.

"நான் பயந்து சொல்லலீங்க" என்றார். சிலிண்டரைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

பலகை. போன வாரம் அதைக் கேட்கத்தான் செய்தாள் சாந்தம்மாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் மச்சாண்டாரான குப்பண்ணனின் முகம் பார்த்துப் பேசியதில்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி. சொல்ல வேண்டியிருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று, குப்பண்ணனின் மனைவி பூமாரியிடம் சொல்வதுபோல் அவர் காதில் விழச் சொல்வாள்.

"அக்கா, உள்ள வேலை செஞ்சா அவிங்களுக்குத் தலை கிறுகிறுன்னு வருதுங்களாம். கீழ்ப் பலகை ஒண்ண மட்டும் எடுத்துக்கறோமுங்க. பத்த வெக்கறப்ப நாங்களே சாக்குப் போட்டு மூடிக்கறோம், வெளிச்சம் ரோட்டுக்குத் தெரியாது. மாமாகிட்டச் சொல்லுங்கக்கா."

குப்பண்ணனும் பூமாரியிடம்தான் பதில் சொன்னார். "கல்யாணம் முடியட்டும்னு சொல்லு."

தம்பி அதற்குமேல் கேட்கவில்லை. அண்ணன் அடித்த ஆணியை அவன் பிடுங்க மாட்டான். அப்படித்தான் வளர்ந்திருந்தான்.

பந்தலுக்குள் வெயில் ஏறியது. குப்பண்ணன் பெஞ்சில் முதுகு சாயாமல் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கை கொடுத்தார். பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது காற்றில் வந்தது.

"சன்னல் தொறந்து கெடந்திருக்குது. கதவ மட்டும் உள்ள தாப்பாப் போட்டிருக்கறான். நெஞ்சு வலிக்கறவன் எதுக்குடா தாப்பாப் போடறான்?"

"மருந்து கிருந்து குடிச்சுட்டானோ என்னமோ."

"சம்பந்தி முன்னால கூலிக்காரன்னு சொன்னாரில்ல அண்ணங்காரரு. மானஸ்தன் பாவம்."

"மெதுவாப் பேசு. கேட்டுரப் போவுது."

கேட்டது. குப்பண்ணன் திரும்பவில்லை. திரும்பினால் ஒன்று சொல்ல வேண்டும். மருந்து இல்லை என்றால் கேஸ். கேஸ் என்றால் சன்னல். கழுத்து விறைத்தபடியே இருந்தது. இடுப்பில் ஆணிகள் குத்தின.

நல்லேப்பிள்ளியிலிருந்து கோடித்துணியோடு சாந்தம்மாளின் அண்ணன் பெரியமுத்து வந்தார். துணியைப் பிணத்தின் மேல் போட்டுவிட்டு நேரே குப்பண்ணன் முன்னால் வந்து நின்றார். அடக்கமான மனிதர். அன்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

"மாமா, மாப்பிள்ளை மருந்து குடிச்சுட்டாருன்னு வார வழியெல்லாம் பேசறாங்க. என்ற தங்கச்சி நாளைக்கு எப்படித் தலை நிமிருவா? இவ என்ன பண்ணித் தொலைச்சாளோன்னு பேச மாட்டாங்களா? அந்தக் கேஸுல ஏதாச்சும் ஆச்சுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரே நம்பும்."

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குப்பண்ணன் வாய் திறந்தார். வைக்கோல் போர் அங்கிருந்து தெரிந்தது. அதற்கு இப்பால் மகள், பெண்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

"நெஞ்சு வலிதான்."

"சன்னலு?"

"தொறந்துதான் இருந்துது."

அதுவரை வீட்டுக்குள்ளிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்த சாந்தம்மாளின் அழுகை நின்றது. மற்ற பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அவள் குரல் மட்டும் பிறகு எழவே இல்லை. தூக்கும்போதுகூட.

நல்லமுத்துவுக்குப் பிள்ளை இல்லை. பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். காற்று நெருப்பைக் கிழக்கே சாய்த்து இழுத்ததில் சீக்கிரமாகவே பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் இறங்கித் தலை முழுகும்போது ஆணிகளை அங்கேயே விட்டுவிடலாம் என்று குப்பண்ணன் நினைத்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மடிப்பைத் தொடாமலே முழுகி எழுந்தார். ஈர வேட்டியோடு எல்லாருக்கும் முன்னால் நடந்தார். பெரியமுத்து தலை குனிந்து கடைசியில் வந்தார்.

வாசலில் சாணி தெளித்திருந்தார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. சுடுகாட்டிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கலைவது வழக்கம். குப்பண்ணன் படியில் கால் வைத்தபோது சாந்தம்மாள் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். கதவுக்குப் பின்னால் போகவில்லை. தலையில் துணி இழுத்துவிடவில்லை. அவள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததே இல்லை.

பூமாரி பதறி எழுந்தாள். "சாந்தா, மாமா வாராரு, உள்ள வா கண்ணு."

அவள் நகரவில்லை.

"பலகைய வைக்கப்போருகிட்டப் பார்த்தேனுங்க மாமா" என்றாள், நேராக அவரிடம். உரக்கச் சொல்லவில்லை. "ஆணி எங்க வெச்சீங்க?"

பின்னாலிருந்து பெரியமுத்து தலையைத் தூக்கினார்.

"என்ன ஆணி?" என்று கேட்க நினைத்தார் குப்பண்ணன். சாந்தம்மாளின் பார்வை அவர் முகத்தில் இல்லை. கொஞ்சம் கீழே இருந்தது. அவரும் குனிந்து பார்த்தார்.

வெள்ளை வேட்டியின் ஈர மடிப்பிலிருந்து துரு இறங்கி, தொடை வரைக்கும் பழுப்பாகப் பரவியிருந்தது.