பின்னட்டை எழுத்தாளர்கள்

எழுத்தை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. உலகம் தோன்றிய நாளிலிருந்து நிலைத்துவரும் உண்மை இது. நான் கண்டுபிடித்து ஒரு மாதம் ஆகிறது. கல்லூரி இதழில் இரண்டு கட்டுரை வந்தவன் என்ற தகுதியில் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. தொண்டை கட்டியிருந்தது. லீவில் வந்த என்னைத் தன் ஒன்றாம் வகுப்புக்கு அவள் இழுத்துப்போனதே, அவளுக்குப் பதிலாகக் கத்துவதற்குத்தான்.

அக்காவின் முறை இது: ஒரே எழுத்தாளரின் படக்கதைப் புத்தகங்களைப் பாயில் பரப்புவாள். அவர் என்னென்ன செய்கிறார் என்று பிள்ளைகள் கவனித்து, தங்கள் கதையிலும் செய்துபார்க்க வேண்டும்.

"இதுக்குப் பேரு காப்பியடிக்கிறது, அக்கா. எங்க காலேஜ்ல பண்ணா வெளிய அனுப்பிடுவாங்க."

"வாய மூடிக்கிட்டு ஸ்டேப்ளர் அடிடா." குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது. "கடைசி பீரியட்ல ஹெச்.எம். வராங்க. ஒரு புள்ளயாவது சொந்தமா கதை எழுதியிருக்கணும். இல்லன்னா நாளைலேர்ந்து பழையபடி போர்டைப் பாத்து எழுதுறதுதான்."

குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

பிள்ளைகள் எழுத்தாளரை நன்றாகவே கவனித்திருந்தார்கள். ஸ்டேப்ளர் அடிக்க முதல் பிள்ளையின் புத்தகம் வந்தது. பின்னட்டையில், அந்த எழுத்தாளரின் படத்தில் இருப்பதுபோலவே, கண்ணாடி போட்ட முகம், மடியில் பூனை, கீழே விலை. அடுத்ததும் அப்படியே. வகுப்பு மொத்தமும் பின்னட்டை வரைந்திருந்தது. உள்ளே எல்லாம் வெள்ளை.

"கதை எங்கடா?" என்றேன் ஒருவனிடம்.

"நான்தான் எழுத்தாளர் ஆயிட்டேனே, அண்ணா."

"அக்கா, இவங்க நேரா விருது வாங்கப் போகலாம்."

அக்கா சிரிக்கவில்லை. எழுந்துபோய் போர்டைத் துடைத்தாள். நாளைக்கான வரிகளை இன்றே எழுத ஆரம்பித்தாள்.

நான் ஸ்டேப்ளரைக் கீழே வைத்தேன். முன்பல் விழுந்த ஒரு சிறுமி பூனைக்கு மீசை போட்டுக்கொண்டிருந்தாள். பாயிலிருந்த எழுத்தாளரின் புத்தகம் ஒன்றை, பக்கத்தின் கடைசியில் வரி பாதியில் நிற்கும் இடத்தில் பிரித்துக்கொண்டு, அவள் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"இங்க பாரு. இவர் ஏன் பாதியிலயே நிறுத்திட்டாரு?"

"இடம் இல்ல."

"நெறைய இருக்கே. நல்லாப் பாரு."

திருப்பினாள். மறுபடி முன்பக்கத்துக்கு வந்தாள். மறுபடி திருப்பினாள்.

"திருப்பினாதான் தெரியும்!"

"மெதுவா பேசு, டீச்சர் காதுல விழுந்துடும். நீயும் அதே மாதிரி ஒண்ணு பண்ணேன்."

அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள்: 'எங்க கட்டிலுக்கு அடியில்'. நிறுத்தினாள். பக்கத்தைத் திருப்பி, நான் பார்க்காதபடி கையால் மறைத்து எழுதினாள்.

"அடியில என்ன?"

"திருப்புங்க."

போர்டில் சாக்பீஸ் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல், புத்தகத்தோடு அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தேன்.