தோன்றா எழுவாய்

இலக்கணத்தைப் போற்றி ஊர் நூலகம் நடத்திய கவிதைப் போட்டிக்கு இரண்டு நடுவர்கள். ஒருவர் பள்ளித் தமிழாசிரியர். விடுபட்ட ஒற்றெழுத்தை எங்கிருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'ஒற்று'. இன்னொருவர் ஒரு பெண் வக்கீல். கவிதைகள் பெயரில்லாமல், தட்டச்சு செய்யப்பட்டு வந்தன.

ஆசிரியர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கொட்டாவியோடு புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு தாளில் தூக்கம் கலைந்தது. தலைப்பு 'தோன்றா எழுவாய்': செய்தவர் யாரென்று வாக்கியத்தில் வெளிப்படாமல் நிற்பது.

சமைத்தாயிற்று, துவைத்தாயிற்று, மடித்தாயிற்று.
யார் என்று எந்த வாக்கியமும் கேட்கவில்லை.
செய்தித்தாளின் ஓரம் கிழித்துக் காது குடைகிறவர்
என் பேச்சில் சந்திப்பிழை என்கிறார்.

அவர் காதில் அப்போது செய்தித்தாளின் ஓரம் இருந்தது. சட்டென்று உருவிக் கீழே போட்டார். சமையலறையில் மனைவி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டா, கவிதை வரியா?

அன்று முதல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தால் ஓரக்கண்ணால் பார்த்தார். சாப்பிடும்போது மெல்லத் தூண்டில் போட்டார்.

"தோன்றா எழுவாய்னா என்னன்னு தெரியுமா?"

"யாரு, உங்க ஸ்கூலுக்குப் புதுசா வந்தவரா?"

இவ்வளவு அப்பாவியாக ஒருத்தி கேட்க முடியுமா? சந்தேகம் இன்னும் இறுகியது.

சொந்த மனைவிக்கே பரிசு கொடுத்தால் ஊர் சிரிக்கும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டார். வக்கீலம்மா விடவில்லை.

"ஏன் சார், இதுல என்ன குறை?"

"ஒற்றுப்பிழை."

"எங்க? காட்டுங்க."

காட்ட ஒன்றுமில்லை. தண்ணீர் குடித்தார். வக்கீலம்மா முழு மதிப்பெண் போட்டிருந்ததால் அந்தக் கவிதையே முதலில் வந்தது.

பரிசளிப்பன்று பெயரைப் படித்ததும் மேடையேறியவர் ஒரு பல் மருத்துவர். ஆசிரியர் அந்தப் பெண்ணை அதற்கு முன் கண்ணால்கூடக் கண்டதில்லை. நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் சிரித்துக்கொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நீதான் எழுதினியோன்னு நெனச்சுட்டேன்!"

அவள் சிரிக்கவில்லை.

"எனக்குக் கவிதையெல்லாம் வராதுங்க. ஊர்ல அத்தனை வீடு இருக்கு. படிச்ச உடனே என் ஞாபகம் மட்டும் ஏன் வந்துச்சு உங்களுக்கு?"

அவர் பையிலிருந்த கவிதைத் தாளை எடுத்து மடிப்பை நீவினார்.

"சரி, படிங்க. அப்படி என்னதான் எழுதியிருக்காங்கன்னு கேக்கறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டாம் வரியிலேயே அவள் தலை தானாக அசைந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார்.