இரண்டுக்கும் ஒரே n

ஐந்து மதிப்பெண் கேள்விக்கு முட்டை. அந்த விடைத்தாளை மூன்றாம் முறை படித்தபோது கணக்கு டீச்சருக்குக் காதுமடல் சுட்டது.

'இரண்டு ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படை என்று நிரூபி.' முப்பத்தெட்டுப் பேர் அட்சரம் பிசகாமல் (2n+1)+(2n+1) என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். வாயாடி என்று பேரெடுத்தவள் மட்டும் புள்ளி வைத்திருந்தாள். எந்த ஒற்றைப்படை எண்ணையும் ஜோடி ஜோடியாக அடுக்கினால் ஒரு புள்ளி தனியே நிற்கும், இன்னொன்றிலும் அப்படியே, தனியே நிற்கிற இரண்டையும் சேர்த்துவிட்டால் எல்லாம் ஜோடி. கீழே ஒரு கேள்வி: 'டீச்சர் எழுதிப்போட்டதில் இரண்டுமே 2n+1. அப்படியென்றால் இரண்டும் ஒரே எண்தானே? மூன்றும் ஐந்தும் என்ன ஆவது?'

திருத்தியவர் சீனியர் சார். டீச்சர் தாளை அவர் மேஜையில் போட்டாள்.

"எப்படி சார் முட்டை போட மனசு வந்துச்சு?"

"விடைக்குறிப்புல n இருக்கும்மா. இவ பேப்பர்ல எங்க n? கோலம் போட்டு வச்சிருக்கா."

"விடைக்குறிப்பே தப்பு சார். அஞ்சையும் அஞ்சையும் கூட்டினாத்தான் அது சரி."

"பதினோரு வருஷமா நீங்களும் அதைத்தானே எழுதிப்போட்டீங்க? அப்ப இனிச்சுதா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர்மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேல் திரும்பியது. இந்த ஐந்து இல்லையென்றால் வாயாடிக்கு அடுத்த வருஷம் 'சி' பிரிவு. அங்கே கணக்குக்கு ஆளே கிடையாது. விளையாட்டு சார் விசிலோடு வந்து உட்கார்ந்திருப்பார்.

"நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல. கூப்பிடுங்க அவளை. குறிப்புல உள்ளபடி எழுதட்டும், அஞ்சும் போட்டுடறேன்."

வந்தவள் அவரைப் பார்க்கவில்லை.

"டீச்சர், ரெண்டுக்கும் ஒரே n போட்டது சரியா, தப்பா?"

"தப்பு. நான் எழுதிப்போட்டதே தப்பு," என்றாள் டீச்சர்.

சீனியர் சார் பேனாவை நீட்டினார். "குறிப்புல உள்ளபடி எழுது. உனக்கு ஏ பிரிவு வேணுமா, வேணாமா? அதைச் சொல்லு."

வாயாடி பேனாவை வெடுக்கென்று வாங்கி, குறிப்பிலுள்ள நாலு வரியையும் நின்றபடியே எழுதினாள். 'எனவே நிரூபிக்கப்பட்டது' என்பதற்கு அடிக்கோடு இழுத்தபோது தாள் கிழிந்தது. அவர் முட்டையை அடித்துவிட்டு ஐந்து போட்டார். அவள் போய்விட்டாள்.

டீச்சர் தாளைப் புரட்டினாள். அடுத்த வெற்றுப் பக்கத்திலும், அதற்கடுத்த பக்கத்திலும், மையே இல்லாமல் அந்த நாலு வரிகள் பள்ளமாகப் பதிந்திருந்தன.