கிளாத்தியின் பல்

மங்கை விற்றது கிளாத்தி மீன்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் கிளாத்தியின் தோல் செருப்புத் தோல் மாதிரி. அதை உரித்து, தலையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கூடையில் வைப்பார்கள். உரித்துவிட்டால் அதுவும் விஷமுள்ள பேத்தை மீனும் ஊராருக்கு ஒன்றுதான். கொருக்குப்பேட்டையில் சொக்கம்மாள் வீட்டில் மூன்று பேர் அதைத் தின்று வாந்தியெடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தார்கள். அவ்வளவுதான், மங்கைக்குப் 'பேத்தைக்காரி' என்று பெயர் கட்டிவிட்டார்கள். ஆறு நாளாக ஒரு கதவும் திறக்கவில்லை. தூக்கிப்போன கூடை அப்படியே காசிமேட்டுக்குத் திரும்பியது.

அது கிளாத்திதான் என்று அவளுடைய மீனவர் குப்பமே சாட்சி சொன்னது. மீன்காரிக்கு மீன்காரன் சாட்சியா என்று தெரு சிரித்தது.

நல்ல வேளை, சொக்கம்மாள் அன்று சொல்லிவைத்துத் தலையும் வாங்கியிருந்தாள். போலீசுக்குக் காட்டுவேன் என்று வெந்த தாடையெலும்பைத் துணியில் முடிந்தும் வைத்திருந்தாள். ஏழாம் நாள் மங்கை அவள் வாசலில் போய் நின்றாள்.

"யக்கா, எங்க குப்பத்த நம்பாதே. காலேஜ்ல எல்லா மீனும் ஜாடில போட்டு வெச்சிகீறாங்கோ. எங்க வூட்டுக்காரரே ரெண்டு மீனு குட்துகீறாரு. அந்த எலும்ப எட்துகினு வா. பேத்தைன்னு சொன்னா, நான் இன்மே கூடையே தூக்கல."

சொக்கம்மாளும் லேசுப்பட்டவள் அல்ல. "வா, பாத்துடலாம்" என்று கிளம்பிவிட்டாள்.

கல்லூரியில் காவல்காரர் மறித்தார். "படிக்கிற புள்ளைங்களுக்கு மட்டுந்தாம்மா."

"எங்க கடல்ல புட்ச்ச மீனு. எங்களுக்கே காட்ட மாட்டியா?"

மங்கை போட்ட கூச்சலில் மாடியிலிருந்து ஓர் ஆசிரியர் இறங்கி வந்தார். அந்த ஜாடிகளைக் கவனித்துக்கொள்ளும் சங்கரநாராயணன். பரீட்சை நெருங்கினால் மட்டும் ஆள் வரும் அறை அது. உண்மை தெரிந்தாக வேண்டும் என்று தவித்துக்கொண்டு யாரும் அங்கே வந்ததில்லை. மனிதருக்கு உள்ளூரச் சந்தோஷம். சாவியை எடுத்தார்.

பேத்தை, கிளாத்தி இரண்டின் மண்டையோடுகளையும் மேஜையில் வைத்தார். "நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லே. நீங்களே பக்கத்துல வெச்சுப் பாருங்கம்மா."

பேத்தைக்குக் கிளி மூக்கு மாதிரி ஒட்டிப்போன பற்கள். கிளாத்திக்குத் தனித்தனிப் பல். சொக்கம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். மூன்று தரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். தனித்தனிப் பல்தான்.

அவள் எலும்பை மேஜையில் வைத்தாள். "புளிக்கொழம்ப ராத்திரி பூரா பித்தள குண்டான்லயே வுட்டுட்டேன். உள்ள பூசின ஈயம் போயி மூணு மாசமாவுது, புளி பட்டு களிம்பு ஏறிடிச்சு. எனக்கு அப்பவே மனசுல உறுத்திச்சு. வூட்ல சொல்ல பயமா இருந்திச்சு, மங்கை."

மங்கைக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். அழுகை வந்தது. சங்கரநாராயணன் தூசியில்லாத ஒரு ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கொருக்குப்பேட்டையில் மங்கை கூவினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. பிறகு சொக்கம்மாள் பச்சைக் களிம்பு பூத்த குண்டானோடு நடுத்தெருவுக்கு வந்து, எல்லாருக்கும் உள்பக்கம் தெரியும்படி அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் பாத்துக்கோங்க! வெசம் இதுலதான் இருந்திச்சு. தப்பு என்னுது."

அவள் குண்டானைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை ஏந்தினாள்.

"கிளாத்தி குடு மங்கை. தலையோட."