வீரையாவின் முழங்கால்

ஞானேஸ்வரிக்குச் சனம் வைத்திருந்த பெயர் 'கால் இழுக்கிற மிஸ்'. கொழும்பில் படித்துச் சோதனை பாஸ்பண்ணி, வவுனியாப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அவள். சனத்துக்கு அதெல்லாம் கணக்கில்லை. மருந்து எழுதுகிறவர் டொக்டர், ஊசி போடுகிறவர் நர்ஸ், நோகப் பண்ணுகிறவள் ஞானேஸ்வரி. அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான். "நான் இழுக்காட்டி, சாகுமட்டும் நீங்கள்தான் இழுத்து இழுத்து நடப்பியள்" என்று திருப்பிக் கொடுப்பாள்.

வீரையா அவளிடம் வந்தது எண்பத்திரண்டாம் ஆண்டில். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, ஓமந்தைக்கு அப்பால் காடு வெட்டி, கச்சான் என்கிற நிலக்கடலை போட்ட மனிதர். விறகு ஏற்றிய வண்டில் சரிந்து தொடை எலும்பு முறிந்துபோனது. மாவுக்கட்டைக் கழற்றியபோது முழங்கால் உலக்கையாக விறைத்துக் கிடந்தது. ஞானேஸ்வரி விடாமல் மடக்கி மடக்கி, கதிரையில் இருக்கும் அளவுக்கு அதை வளைத்தெடுத்தாள். டொக்டருக்குச் சந்தோசம். வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அவளுக்குத்தான் மனம் ஆறவில்லை.

"அண்ணை, வீட்டில கதிரை இருக்கோ?"

"எங்க வீட்டுல ஏது மிஸ் நாக்காலி? சாப்பாடு தரையிலதான்."

"களை பிடுங்கிறது?"

"குந்திக்கிட்டுத்தான்."

அப்படியானால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. முழங்கால் முழுக்க மடங்கிக் குந்த வேண்டும். இல்லாவிட்டால் தன் காணியிலேயே அவர் வேடிக்கை பார்க்கும் ஆள். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளைக் காட்டி, கிழமைக்கு ஒருக்கால் வரச் சொல்லி அனுப்பினாள். ஆள் அந்தப் பக்கம் தலை காட்டவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பஸ் ஏறிப் போனாள். முற்றத்து வேம்பின் கீழ், கைபிடி வைத்த புதுக் கதிரையில், காலை நீட்டிக்கொண்டு வீரையா கொலுவிருந்தார். அவரோடு குடியேறிய சனம் எல்லாம் சேர்ந்து தச்சனிடம் சொல்லி அவருக்காகச் செய்வித்த கதிரை. சோற்றுக் கோப்பையை அவர் கையில் கொடுத்துக்கொண்டு நின்ற மனைவி வடிவம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீங்களா மிஸ்! தோட்டத்துல தொரைக்கு முன்னால எங்க மாமனாரு ஒக்காந்ததில்ல, எங்கப்பாவும் ஒக்காந்ததில்ல. இவரு ஒக்காந்திருக்காரு. ஒரு துரும்பு அசைக்க விடமாட்டோம்."

ஞானேஸ்வரிக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அன்பாலேயே ஒரு மனிதரை முடமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதைச் சொல்லப்போனால், தலைமுறை தலைமுறையாகக் கிடைக்காத மரியாதையைப் பிடுங்கியது போலாகிவிடும். முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். பழையபடி இறுகத் தொடங்கியிருந்தது.

"அண்ணை, இந்தக் காணி ஆருடையது?"

"நான் வெட்டுன காடு மிஸ்."

"இந்த மாரிக்கு இதுக்குள்ள ஆர் களை பிடுங்கிறது?"

வீரையா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

ஞானேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் எதிரே புழுதியில் குந்தினாள். வடிவம்மா பதறிப்போனாள். "ஐயோ, எந்திரிங்க மிஸ்!"

"துரைக்கு முன்னால நிண்டது அவன்ர நிலத்தில. இது உங்கட நிலம். இதில குந்த என்ன வெக்கம்? வாங்கோ அண்ணை, வேம்பைப் பிடிச்சுக்கொண்டு இறங்குங்கோ. நோகும். ஆனா எலும்பு நல்லாப் பொருந்தீட்டுது, பயப்பிடாதேங்கோ."

வீரையா இறங்கினார். பாதியில் "அம்மா!" என்று அலறினார். வடிவம்மா வாயில் வந்தபடி மிஸ்ஸைத் திட்டித் தீர்த்தாள். மிஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையை முழங்காலிலிருந்து எடுக்கவுமில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். கடைசியில், கதிரையைத் தூக்கி உள்ளே கவிழ்த்து வைக்கச் சொன்னவர் வீரையாதான்.

அதன் பிறகு ஞாயிறு வந்தால் அவள் ஓமந்தை பஸ்ஸில் இருப்பாள். யாரும் போகச் சொல்லவில்லை. டொக்டர் கேட்டபோது, "என்ர வேலை இன்னும் முடியேல்லை சேர்" என்றாள். அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

மாரி பிடித்து, கச்சான் முளைத்து, களையும் மண்டியிருந்த ஒரு காலையில் அவள் போனபோது வேம்பின் கீழ் யாருமில்லை. கச்சான் காணிக்குள் ஒரு வரிசைச் சனம் குந்தியபடி நகர்ந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால் வீரையா. குந்தினார், பிடுங்கினார், கையூன்றாமல் எழுந்தார், அடுத்த நிரையில் போய்க் குந்தினார். பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, "என்னாங்கடா, தூங்குறீங்களா?" என்று ஏசவும் செய்தார்.

ஞானேஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. கொழும்பில் சோதனை பாஸ்பண்ணிய அன்றுகூட அவளுக்கு நெஞ்சு இப்படி நிமிரவில்லை.

வடிவம்மா ஓடிவந்தாள். "கூப்புடுறேன் மிஸ். நீங்க வந்ததைக்கூடப் பாக்கல அந்த மனுசன்!"

"கூப்பிடாதேங்கோ வடிவக்கா. அவர் என்னைத் தேடாமல் இருக்கவேணுமெண்டுதான் இவ்வளவு நாளும் வந்தனான்."

அடுத்த பஸ் வரும்வரை அவள் வேலிவாசல் படலையைப் பிடித்தபடி அங்கேயே நின்று, குந்துவதும் எழும்புவதுமாய்ப் போகும் அந்த மனிதரை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.